நிஜக் குளிர் வரட்டும்

மே மாதத்துக் கரண்ட் பில்லை டெஸ்மண்ட் ஹார்வி மூன்று முறை படித்தார். முதல் முறை கண்ணாடி இல்லாமல். இரண்டாம் முறை கண்ணாடியோடு. மூன்றாம் முறை மேலே இருந்த விலாசத்தை மட்டும் படித்தார். இது பக்கத்து வீட்டுப் பில்லாக இருந்துவிடக் கூடாதா என்று ஒரு நப்பாசை. விலாசம் அவருடையதாகத்தான் இருந்தது.

"நோலீன்! நம்ம வீட்ல யாராவது எனக்குத் தெரியாம ஃபேக்டரி நடத்தறாங்களா?"

"நான்தான். ஷெட்ல கப்பல் கட்டிக்கிட்டிருக்கேன்," என்றாள் நோலீன் சமையலறையிலிருந்து. "விலைய ஏத்திட்டாங்க டெஸ். பேப்பர்லயே போட்டிருந்தான். இன்னும் ஏறுமாம்."

"ஏத்தட்டுமே. அவன் ஏத்தினா நாம எரிக்க மாட்டோம். யார் தோக்கறாங்கன்னு பாத்துடலாம்."

"நாமதான். அவனுக்கா குளிரப் போகுது?"

அன்று மதியச் சாப்பாட்டின்போது டெஸ்மண்ட் எழுந்து நின்று பிரகடனம் செய்தார். கேட்க இருந்தது ஒரே ஒரு ஆள்தான். இருந்தாலும் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். ஜூனில் ஆரம்பிக்கும் இந்தக் குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடாது. வெந்நீர்க் குளியல் நாலு நிமிஷம். ஆள் இல்லாத அறையில் விளக்கு எரியாது. ஆள் இருக்கிற அறையிலும், அந்த ஆளுக்கு எதையாவது பார்த்தே ஆக வேண்டுமென்றால்தான் எரியும்.

"எனக்கு உன்னப் பாக்கணும்னா?" என்றாள் நோலீன்.

"நாப்பத்திநாலு வருஷமா பாத்துட்டே. புதுசா ஒண்ணும் முளைச்சுடல."

ஹீட்டரின் ரிமோட்டை எடுத்துத் தன் தூண்டில் பெட்டிக்குள், புழு டப்பாவுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். அந்த வீட்டில் நோலீன் கை வைக்காத ஒரே இடம் அதுதான்.

இங்கே டெஸ்மண்டுக்காக ஒரு வார்த்தை பேச வேண்டும். அவர் கஞ்சர் இல்லை. முப்பத்தெட்டு வருஷம் இறைச்சித் தொழிற்சாலையின் ஐஸ் அறையில் ஆட்டுத் தொடைகளுக்கு நடுவே நின்று வேலை பார்த்தவர். அதனால் குளிர் என்பதே அவருக்கு யாரோ கிளப்பிவிட்ட வதந்தி மாதிரி. வெளியே வந்து மூச்சு விட்டால் மீசை உறையாத நாளெல்லாம் அவர் கணக்கில் கோடைக்காலம். யார் குளிர்கிறது என்றாலும் அவரிடம் ஒரே மருந்துதான் இருந்தது: "இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கோ." மகள் டிரேசி பதினாறு வயதில் காதல் தோல்வி என்று அழுதுகொண்டு வந்து நின்றபோதும் இதையேதான் சொன்னார். அவள் இப்போது பெர்த்தில் இருக்கிறாள். வெயிலுக்காகப் போனதாகத்தான் எல்லோரிடமும் சொல்கிறாள்.

"சரி, கரண்டு வேண்டாம். கொட்டகைல அவ்வளவு விறகு இருக்கே, அதையாவது எரிக்கலாமில்ல?" என்று நோலீன் கேட்டாள். நியாயமான கேள்விதான்.

"எரிக்கலாம். நிஜக் குளிர் வரட்டும்."

விறகுக் கொட்டகை என்றால் ஏதோ மூலையில் கிடக்கும் சுள்ளி என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு வருஷத்துக்கு முன் வாங்கி, தன் கையாலேயே பிளந்து, காற்றில் ஆறப் போட்டு, மூன்று பக்கம் பலகை அடித்த கொட்டகைக்குள் தரையிலிருந்து கூரை வரைக்கும் டெஸ்மண்ட் அடுக்கிய சைப்ரஸ் விறகு அது. வெட்டிய முகங்கள் எல்லாம் வெளிப்பக்கம் பார்க்கும். ஒன்றுகூட ஒரு விரல் தூரம் முன்னே நீட்டிக்கொண்டிருக்காது. சனிக்கிழமைகளில் தெரு ஆண்கள் ஆளுக்கொரு பியரோடு வந்து அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். நம் ஊரில் பெண் பார்க்க வந்தவர்கள் நிற்பது போல. "அடுக்குன்னா இதாம்பா அடுக்கு" என்று யாராவது சொல்வார். டெஸ்மண்ட் அடக்கமாகத் தரையைப் பார்ப்பார்.

அந்தத் தெருவில் இன்னொரு வழக்கமும் உண்டு. குளிர் ஆரம்பித்தால் ஆண்கள் வேலிக்கு மேலே தலையை நீட்டி "பத்த வெச்சாச்சா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். "இன்னும் இல்ல" என்பவன் ஆண்பிள்ளை. முதலில் பற்ற வைத்தவன் தொலைந்தான். அடுத்த வருஷம் வரைக்கும் அவனுக்குப் போர்வை வேண்டுமா, பால் புட்டி வேண்டுமா என்று கேட்டே கொன்றுவிடுவார்கள். போன வருஷம் நோலீனுக்குக் காய்ச்சல் என்று ஜூன் இரண்டாம் வாரமே பற்ற வைத்து, டெஸ்மண்ட் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. ஆக இந்த வருஷம் மானப் பிரச்சினையும் சேர்ந்துகொண்டது.

ஜூன் வந்தது. நம் புலவர்கள் தெற்கேயிருந்து வரும் காற்றுக்குத் தென்றல் என்று பேர் வைத்து உருகியிருக்கிறார்கள். அவர்களில் யாரும் பூமியின் தென்கோடி ஊரான இன்வர்கார்கிலில் குடியிருந்ததில்லை. அங்கே தெற்குக் காற்று துருவத்திலிருந்து நேரே புறப்பட்டு வரும். வழியில் ஒரு மரம்கூட அதைத் தடுக்காது. வந்ததும் டெஸ்மண்ட் வீட்டு ஜன்னல் இடுக்கில் நுழைந்து விசில் அடிக்கும்.

"டெஸ், வெண்ணெய் கத்தில ஒட்டவே மாட்டேங்குது."

"ரம்பத்தால அறுத்துக்கோ."

"பாத்திரம் கழுவற சோப்பு உறைஞ்சு போச்சு."

"அதுக்கு ஸ்வெட்டர் போட முடியாது. நீ போட்டுக்கோ."

"நாலு போட்டிருக்கேன். கை மடங்க மாட்டேங்குது. ஜன்னலுக்கு உள்பக்கம் ஐஸ் கட்டியிருக்கு டெஸ். உள்பக்கம்!"

டெஸ்மண்ட் போய்ப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். வாயில் வைத்தும் பார்த்தார்.

"இதெல்லாம் ஒரு ஐஸா? மெல்லிசு. நிஜக் குளிர் வரட்டும், சொல்றேன்."

நோலீன் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை டெஸ்மண்ட் கவனித்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது. அவர் அந்த நேரம் ஐஸ் கரைவதற்குள் கிண்ணத்தில் பிடித்து, குளிர்பெட்டிக்குக் கரண்ட் மிச்சம் பண்ணலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நோலீன் கோட்டு மாட்டிக்கொண்டு, பின்னல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க?"

"சர்ச் வேலை. ஹால் கூரைக்குப் பணம் சேக்கறோம். நானூறு டஜன் சீஸ் ரோல் சுருட்டணும். பெவர்லிதான் பொறுப்பு."

"நானூறு டஜனா? எத்தன நாளாகும்?"

"குளிர்காலம் முழுக்க ஆகும் போலிருக்கு."

டெஸ்மண்டுக்கு உள்ளுக்குள் குஷி. ஒரு ஆள் குறைந்தால் ஒரு கோப்பைத் தேநீர் மிச்சம், ஒரு விளக்கு மிச்சம். நானூறு டஜனுக்குப் பதில் எண்ணூறு டஜன் சுருட்டினாலும் நல்லதுதான் என்று நினைத்தார். அவள் போனதும் கெட்டிலில் ஒரு கோப்பைக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினார். ரேடியோவை அணைத்தார். கையைத் தேய்த்துக்கொண்டு தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்த பிறகு அடுத்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்த வீட்டில் பேச்சு என்பதை இதுவரை நோலீன்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் போகிற கார் யாருடையது, யாருடைய நாய்க்கு ஆபரேஷன், கடைக்காரர் மகன் ஏன் தாடி வளர்க்கிறான் எல்லாம் அவள் சொல்வாள். இவர் "ம்" கொட்டுவார். அந்த "ம்" தான் தன்னுடைய பங்கு, அது பெரிய பங்கு என்றுகூட நினைத்திருந்தார். இப்போது "ம்" கொட்டவும் வழியில்லை. கடிகாரத்தைப் பார்த்து ஒரு தடவை "ம்" என்று சொல்லிப் பார்த்தார். நன்றாக இல்லை.

செவ்வாய், புதன், வியாழன் என்று தினமும் பத்து மணிக்குப் போவாள், ஐந்து மணிக்கு வருவாள். வரும்போது கன்னம் இரண்டும் சிவந்திருக்கும். கோட்டுப் பொத்தான் திறந்திருக்கும். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே உருளைக்கிழங்கு சீவுவாள்.

"என்ன, மேல சூடா இருக்கா மாதிரி தெரியுது?"

"சுருட்டிச் சுருட்டி உடம்பு சூடாயிடுது."

"பாத்தியா! உழைச்சா குளிராதுன்னு நான் சொன்னேனில்ல?"

"நீ சொன்னதுதான் டெஸ். எல்லாம் நீ சொன்னதுதான்."

பகலெல்லாம் தனியாக இருந்த டெஸ்மண்டுக்கு ஒரு பழக்கம் வந்தது. காலையில் எழுந்ததும் நேரே கொட்டகைக்குப் போவார். விறகு அடுக்கின் முன் நின்று முன்வரிசையை மேலிருந்து கீழ்வரை பார்ப்பார். எல்லாம் அப்படியே இருக்கும். "குட் மார்னிங்" என்பார் முதலில். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வளர்ந்தது. தோள்வலி, பேப்பர் செய்தி, மகன் பிரிஸ்பேனிலிருந்து போன் பண்ணி மாசக் கணக்காகிறது என்பது வரைக்கும் போனது. விறகு பொறுமையாகக் கேட்டுக்கொள்ளும்.

சமையலறை ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுப் புகைக்கூண்டு தெரியும். அங்கே டிப்பெனே என்பவர் இருந்தார். ப்ளஃப் துறைமுகத்தில் சிப்பிப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஏப்ரல் மாதம் சொந்தக்காரர்களோடு தீவுகளுக்குப் போய்க் கடற்பறவை பிடித்து, உப்பில் போட்டு வாளி வாளியாகக் கொண்டுவருவார். அவர் வீட்டுப் புகைக்கூண்டில் ஜூன் நடுவிலிருந்து காலை பத்து மணி ஆனால் புகை பொங்கிக்கொண்டு கிளம்பிவிடும். தனியாக இருப்பவர் என்று ‘பத்த வெச்சாச்சா’ போட்டியில் தெரு அவரை மட்டும் சேர்ப்பதில்லை.

டெஸ்மண்ட் அதைப் பார்த்து உச்சுக் கொட்டுவார். "இடுப்பு வலின்னு கோடாரியே தொடறதில்ல, ஆனா எரிக்கறத பாரு! யாரு குடுக்கறாங்களோ இவனுக்கு! ஓசில வந்தா இப்படித்தான்" என்று விறகிடம் போய்ச் சொல்வார்.

ஜூலை முதல் வாரம் ஜூன் மாதத்துப் பில் வந்தது. டெஸ்மண்ட் கவரைக் கிழித்தார், பார்த்தார், நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். பாதிக்கும் கீழே! ஜெயித்துவிட்டார்! கரண்ட் கம்பெனியை மண்ணைக் கவ்வ வைத்துவிட்டார்!

"நோலீன்!" என்று கத்திக்கொண்டே சமையலறைக்கு ஓடினார். சமையலறையில் யாருமில்லை. படுக்கையறை வரைக்கும் போனார். அங்கே இரண்டு தலையணை மட்டும் இருந்தது. மணி பதினொன்று. ஐந்து மணிக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருக்கிறது. அதுவரைக்கும் ஒரு வெற்றியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? கொட்டகைக்குப் போய் பில்லை விறகுக்கு வாசித்துக் காட்டினார். மொத்தத் தொகையை இரண்டு முறை வாசித்தார். திரும்பி வரும்போது ஜெயித்தவர் நடை மாதிரியே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை டிரேசி வீடியோவில் கூப்பிட்டாள். நோலீன் சர்ச்சிலிருந்து இன்னும் வந்திருக்கவில்லை.

"அப்பா, என்ன இது, வாயிலேர்ந்து புகையா வருது? திரும்ப சிகரெட் பிடிக்கறீங்களா?"

"சிகரெட் இல்லம்மா. மூச்சு."

"வீட்டுக்குள்ளயா? தலைல என்ன?"

"தேநீர்ப் பானைக்கு அம்மா பின்னின குல்லா. காதுக்கு நல்லா பொருந்துது."

"அப்பா, ப்ளீஸ், ஹீட்டர் போடுங்க. அம்மா மட்டும் எப்படி இருக்கா? முந்தாநாள் அவ அனுப்பின போட்டோவுல அரைக்கைச் சட்டை போட்டுக்கிட்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கிட்டிருந்தாளே!"

டெஸ்மண்டின் மூச்சுப் புகை நின்றது.

"அரைக்கைச் சட்டையா? ஐஸ்கிரீமா? எந்த ஊர்ல?"

"அப்பா... சரியா கேக்கல... லைன் விட்டு விட்டு வருது..." என்றாள் டிரேசி மணி அடித்தாற்போன்ற குரலில், தெளிவாக. லைன் துண்டிக்கப்பட்டது.

நோலீன் வந்ததும் கேட்க வாயைத் திறந்தார். திறந்த வாயில் "லைட்ட அணைச்சியா?" என்பதுதான் வந்தது. சில மனிதர்களுக்கு அப்படி. மனதில் இருப்பது வாசல் வரைக்கும் வந்து, செருப்பைக் காணோம் என்று திரும்பிவிடும்.

செவ்வாய்க்கிழமை ஆலங்கட்டி பெய்தது. தெற்குக் காற்று வீட்டைப் பிடித்து உலுக்கியது. நோலீன் வழக்கம்போல் பத்து மணிக்குப் போய்விட்டாள். டெஸ்மண்ட் கோட்டு, அதன் மேல் மழைக்கோட்டு, தலையில் பானைக் குல்லாவோடு நாற்காலியில் உட்கார்ந்து எதிர் நாற்காலியைப் பார்த்தார். அதில் நோலீனின் மெத்தை இருந்தது. நடுவில் குழிந்திருந்தது. மத்தியானம் சூப்பைச் சுடவைத்து, இரண்டு கிண்ணத்தில் ஊற்றிவிட்டு, அப்புறம்தான் கவனித்தார். இரண்டாவது கிண்ணம் அவர் கண்ணெதிரே ஆறிப்போனது.

முப்பத்தெட்டு வருஷம் ஐஸ் அறையில் நின்றபோது அவருக்கு ஒருநாளும் இப்படி இருந்ததில்லை. அங்கே பக்கத்தில் ஆறு பேர் இருந்தார்கள். கெட்ட வார்த்தை பேசினார்கள், பாடினார்கள். இங்கே பேசினால் தன் குரலே சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. டெஸ்மண்டுக்கு அழுகை வரும் போலிருந்தது. அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்த நிஜக் குளிர் வந்துவிட்டது. அது ஜன்னல் வழியாக வரவில்லை. நோலீன் கோட்டு மாட்டிக்கொண்டு போன வாசல் வழியாக வந்திருந்தது.

தெரு என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும், பால் புட்டி வேண்டுமானாலும் கொண்டுவந்து கொடுக்கட்டும். இன்றைக்குப் பற்ற வைத்துவிடுவது என்று முடிவு செய்தார். ஐந்து மணிக்கு அவள் கதவைத் திறக்கும்போது கணப்பு அடுப்பு கனகனவென்று இருக்க வேண்டும். அவள் கோட்டைக் கழற்ற வேண்டும். எதிரே உட்கார்ந்து கடைக்காரர் மகனின் தாடி என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும். நாளைக்கு அவள் எங்கேயும் போகக் கூடாது.

மூன்று மணிக்குக் கூடையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். முன்வரிசையைக் கடைசியாக ஒரு தடவை ஆசை தீரப் பார்த்தார். "மன்னிச்சுக்குங்க" என்றார். மேல் மட்டத்தில் நடுவிலிருந்த கட்டையை மெல்ல உருவினார். பின்னால் இருக்கும் அடுத்த கட்டைக்குக் கையை விட்டார்.

கட்டை தட்டுப்படவில்லை. முழங்கை வரை விட்டார். தோள் வரை விட்டார். கை காற்றைத் துழாவியது. எட்டித் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார்.

உள்ளே ஒன்றுமில்லை. சுத்தமாக, பெருக்கிவிட்ட கூடம் மாதிரி இருந்தது. இரண்டு வருஷ உழைப்பில் மிச்சம் நின்றது முன்வரிசை ஒன்றுதான். அதுவும் விழாமல் இருக்கப் பின்பக்கம் இரண்டு மரக்கம்பு முட்டுக்கொடுத்திருந்தது. பின்சுவரில் மூன்று பலகைகளைக் காணோம். அந்த ஓட்டை வழியாகப் பார்த்தால் சேற்றில் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியின் தடம் பதிந்திருந்தது. புதுத் தடம், பழைய தடம், அதற்கும் பழைய தடம். எல்லாம் வளையாமல் நெளியாமல் வேலியில் இருந்த சந்து வழியாக டிப்பெனே வீட்டுக் கொல்லைப்புறம் போனது.

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய் தன்னுடையது, கை பெண்டாட்டியுடையது, சாப்பிட்டது ஊரார்.

டெஸ்மண்ட் அந்தச் சந்திலேயே நுழைந்து போனார். பானைக் குல்லா வேலியில் மாட்டிக்கொண்டது. பிடுங்கிக்கொண்டு போனார். டிப்பெனே வீட்டுப் பின்கதவை இரண்டு கையாலும் அடித்தார்.

கதவைத் திறந்தது சர்ச்சு பெவர்லி. முகமெல்லாம் வியர்த்திருந்தது.

"அட, டெஸ்மண்ட்! ஷூவ வெளியில விட்டுட்டு வா. பெருக்கியிருக்கோம்."

சண்டைக்கு வந்தவரை ஷூவைக் கழற்றச் சொன்னால் பாதிச் சண்டை அங்கேயே போய்விடும். டெஸ்மண்ட் குனிந்து, விறைத்த விரலால் முடிச்சு அவிழ்த்து, ஒரு காலில் நொண்டி, உள்ளே போனபோது ஏழு பேர் அவரைப் பார்த்தார்கள். கூடத்தின் நடுவில் நீளமாக மேசை. மேசை மேல் மலை மலையாக ரொட்டி. ஒரு வாளி நிறைய சீஸும் வெங்காய சூப் பொடியும் டின் பாலும் சேர்த்துக் காய்ச்சிய குழம்பு. பெண்கள் தடவிச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். டிப்பெனே கையில்லாத பனியனோடு கரண்டியால் வாளியைக் கிண்டிக்கொண்டிருந்தார். அரைக்கைச் சட்டையில் நோலீன். ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவள், சிரிப்பை அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டு திரும்பினாள். அந்தச் சிரிப்பை டெஸ்மண்ட் பார்த்து எவ்வளவோ நாளாயிற்று.

கூடத்துக் கோடியில் கணப்பு அடுப்பு, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தகதகவென்று எரிந்தது.

"அது என் விறகு!" என்றார் டெஸ்மண்ட்.

யாரும் மறுக்கவில்லை.

"உன் விறகுதான் டெஸ்," என்றார் டிப்பெனே மரியாதையாக. "நானும் எத்தனையோ விறகு எரிச்சிருக்கேன். இப்படி ஒண்ணு பாத்ததில்ல. வெடிக்கல, புகையல, தீக்குச்சி காட்டினா போதும், பிடிச்சுக்குது. எப்படிப்பா காய வெச்சே?"

"அது ஒண்ணுமில்ல," என்றார் டெஸ்மண்ட். "காயற வரைக்கும் மேல மட்டும் தகரம் போடணும். பக்கத்த மூடவே கூடாது, காத்து உள்ள போயி வரணும். பிளந்த பக்கம் மேல பாத்து..." என்று கையால் காட்ட ஆரம்பித்து, தான் கோபமாக வந்தது நினைவுக்கு வந்து நிறுத்தினார். "எப்பலேர்ந்து நடக்குது இது?"

"ஜூன் பதினொண்ணு," என்றாள் நோலீன். "டிப்பெனேகிட்ட அடுப்பு இருந்துது, விறகு இல்ல. என்கிட்ட விறகு இருந்துது, அடுப்பு இல்ல."

"நம்ம வீட்ல அடுப்பு இல்லையா?"

"இருக்கு. அது முன்னால நீ நின்னுக்கிட்டிருந்தே."

பெண்கள் நால்வரும் ரொட்டியை மிகக் கவனமாகச் சுருட்டினார்கள்.

"சொல்லியிருக்கலாமில்ல நோலீன்?"

"சொல்லலையா? வெண்ணெய் உறைஞ்சப்ப சொன்னேன். சோப்பு உறைஞ்சப்ப சொன்னேன். ஜன்னல்ல ஐஸ் கட்டினப்ப சொன்னேன். நீ அத நாக்குல வெச்சு ருசி பாத்தே." அவள் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். குரல் இறங்கியது. "குளிருக்காக மட்டும் போகல டெஸ். குளிர் என்ன, ஸ்வெட்டர் போட்டா போயிடும். ஒரு நாள் பூராவும் நீ என்கிட்ட பேசறது ‘லைட்ட அணை’ மட்டும்தான். பிள்ளைங்களும் பக்கத்துல இல்ல. ஒரு வாரத்துல எத்தன தடவ லைட்ட அணைக்க முடியும்? மறதியா வெச்ச கண்ணாடிய எடுக்கத் திரும்பி வந்தேன் ஒருநாள். கொட்டகைல நின்னு யார்கிட்டயோ பேசிக்கிட்டிருந்தே. தோள்வலி, பையன் போன் பண்ணல, எல்லாம். யாருன்னு எட்டிப் பாத்தா விறகு. எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா அதெல்லாம்?"

டெஸ்மண்ட் தன் காலுறையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெருவிரல் பக்கம் ஓட்டை. விறகு தன் பேச்சைப் பொறுமையாகக் கேட்டதாக நினைத்திருந்தாரே, அவ்வளவு நாளும் கேட்டது ஒரே ஒரு வரிசைதான்.

"முன்வரிசைய ஏன் விட்டு வெச்சே?" என்று கேட்டார் கடைசியில். "ஆப்பிட்டுக்குவோம்னு பயமா?"

"பயமா? உனக்கா?" என்றாள் நோலீன். "காலைல அத பாக்கறப்ப உன் முகத்துல ஒரு சந்தோஷம் வரும். அத எடுக்க மனசு வரல. முட்டுக்கொடுக்கத்தான் ரொம்ப கஷ்டப்பட்டோம். டிப்பெனே இடுப்ப பிடிச்சுக்கிட்டே நின்னான் பாவம்."

அடுப்பின் சூடு மெல்ல டெஸ்மண்டின் விரல்களுக்கு வந்தது. வந்ததும் வலித்தது. இரண்டு கோட்டையும் தாண்டி, ஸ்வெட்டரையும் தாண்டி உள்ளே எங்கேயோ ஒரு நடுக்கம் கிளம்பியது. அறுபத்தெட்டு வயதில் முதல் தடவையாக டெஸ்மண்ட் ஹார்வி அந்த வார்த்தையைச் சொன்னார்.

"குளுருது நோலீன்."

பெவர்லி ரொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நோலீன் இன்னொரு ஸ்வெட்டர் போடச் சொல்லவில்லை. அவருடைய மழைக்கோட்டைக் கழற்றினாள், கோட்டைக் கழற்றினாள், தலையிலிருந்த பானைக் குல்லாவையும் எடுத்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த தன் நாற்காலியில் அவரை உட்கார வைத்தாள். டிப்பெனே ஒரு தட்டில் சுடச்சுட சீஸ் ரோலும் ஒரு துண்டு உப்புப் பறவைக் கறியும் கொண்டுவந்து மடியில் வைத்தார். டெஸ்மண்ட் சாப்பிட்டார். கண்ணில் நீர் வந்தது. வாய் வெந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டார்.

பிறகு அவருக்கும் ஒரு கத்தியைக் கொடுத்து ரொட்டியில் சீஸ் தடவச் சொன்னார்கள். முன்வரிசை அடுக்கியவரின் கை அல்லவா, ஓரம் வரைக்கும் ஒரே சீராகத் தடவினார். பெவர்லி அசந்துபோய், இத்தனை நாள் இவரை எங்கே ஒளித்து வைத்திருந்தாய் என்று நோலீனைக் கேட்டாள். கடைக்காரர் மகன் தாடியை எடுத்துவிட்டானாம். நாய்க்கு ஆபரேஷன் நன்றாக முடிந்ததாம். டெஸ்மண்ட் "ம்" கொட்டினார். அப்புறம் யாரும் கேட்காமலேயே தன் தோள்வலியைப் பற்றிச் சொன்னார். ஏழு பேரும் ஏழு வைத்தியம் சொன்னார்கள். இப்படி ஒரு மத்தியானம் அவருக்கு வாய்த்து வருஷக்கணக்காகிறது.

ஐந்து மணிக்கு எல்லோரும் கோட்டைத் தேடி எடுத்தார்கள். டெஸ்மண்ட் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, வாசலில் ஷூ முடிச்சைப் போடுகிற சாக்கில் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார்.

"நோலீன்," என்றார் நிமிராமல். "நாளைக்கு நானும் வரட்டுமா?"

"தாராளமா வா," என்றாள் நோலீன். "ஆனா இங்க யாரும் வெறுங்கையோட வர்றதில்ல டெஸ். பெவர்லி ரொட்டி கொண்டுவர்றா, மத்தவங்க சீஸ் கொண்டுவர்றாங்க. நீ வரும்போது அந்த முன்வரிசைய எடுத்துட்டு வந்துடு. தள்ளுவண்டில ரெண்டு நடைதான் ஆகும்."